கார்டை மாற்றியதும் வட்டி ஏறிவிட்டது. பழைய பாக்கிக்கும் அது பொருந்துமா?

ஊர் கோவை. ஒரு தனியார் வங்கியின் சாதாரண கிரெடிட் கார்டை 6 ஆண்டுகளாக வைத்திருந்தேன். வட்டி மாதம் 2.99 சதவீதம். மார்ச் மாதம், விமான நிலைய ஓய்வறை இலவசம் என்று தொலைபேசியில் ஆசை காட்டி உயர்ரகக் கார்டுக்கு மாற்றினார்கள். ஓடிபி சொன்னது நான்தான், மறுக்கவில்லை. (இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை என்பது வேறு கதை.)

வட்டியைப் பற்றி அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் பில்லின் மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் 3.75 சதவீதம் என்று இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் 35.88 இருந்தது 45 ஆகிவிட்டது. பழைய கார்டிலிருந்து வந்த 62,000 ரூபாய் பாக்கிக்கும் இதே வட்டிதான். மாதம் சுமார் 471 ரூபாய் கூடுதல், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு.

வாடிக்கையாளர் சேவையை நான்கு முறை அழைத்தேன். "புதுக் கார்டு, புது வட்டி" என்பதே பதில். பழைய கார்டுக்குத் திரும்ப முடியாதாம். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி 34 நாட்கள் ஆகின்றன, பதில் இல்லை. சம்மதமின்றிக் கார்டை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. என் சம்மதமோ பதிவாகியிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டு, பழைய பாக்கிக்குப் பழைய வட்டியையே பெற்றவர்கள் இங்கே யாராவது உண்டா?