மாரிக்கும் தாங்கவேணும், கூட்டத்துக்கும் போடவேணும்: எந்தச் சப்பாத்து? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

உப்புவெளித் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில தம்பலகாமம் பக்கம் விவசாயப் போதனாசிரியர். காலையில வயல் வரம்பு, பின்னேரம் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, கூட்டம். இடையில வீட்டுக்கு வந்து சப்பாத்து மாத்த நேரம் கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில எங்கட ஊர் மழை எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன மாரியில நடந்ததைச் சொல்றன். ஐஞ்சு வருசத்துக்கு முன்னம் கொழும்பில ஒரு கடையில நல்ல விலை குடுத்து மண்ணிறச் சப்பாத்து ஒண்டு வாங்கினன். பழுதாப்போகும் எண்டு கலியாணவீட்டுக்கு மட்டும் போட்டு, மற்ற நேரம் பெட்டிக்குள்ளேயே வச்சிருந்தன். அண்டைக்கு முக்கியமான கூட்டம், அதுதான் அதைப் போட்டுக்கொண்டு போனன். பஸ்ஸால இறங்கி நனைஞ்சபடி நடந்து உள்ளுக்குப் போகேக்க குதிக்காலுக்குக் கீழ என்னவோ மெத்துமெத்தெண்டு அமுங்கிச்சு. திரும்பிப் பார்த்தா வெள்ளைத் தரையில நான் வந்த வழி முழுக்கக் கறுப்புத் துகள். அடி, தேத்தண்ணியில தோய்ச்ச விசுக்கோத்து மாதிரிக் கரைஞ்சு கழண்டுபோச்சு. மேல்தோலில ஒரு கீறல்கூட இல்லை. விதைநெல் விசயம் அண்டைக்கு நான்தான் எழும்பிப் பேசவேணும். கதிரையை விட்டு எழும்பாமலே பேசி முடிச்சன். அது இண்டைக்கும் மனசுக்குக் கஷ்டம்தான்.

பிறகுதான் தேடி வாசிச்சன். பாரமில்லாமல், மெதுவா இருக்கட்டும் எண்டு பொலியூரித்தேன் நுரையில அடி வைக்கிறாங்கள். காத்தில இருக்கிற ஈரப்பதனே அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்குது. நீர்ப்பகுப்பு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச அதே தாக்கம்தான். போடாமல் பெட்டிக்குள்ள பூட்டி வச்சாலும் அது நிக்காது. கடலுக்குப் பக்கத்தில, வருசம் முழுக்கப் புழுங்கிற எங்கட ஊரில சொல்லவே வேணாம். நான் பாதுகாக்கிறன் எண்டு நினைச்சு வச்ச இடத்திலேயே அது செத்துக்கொண்டு இருந்திருக்கு.

இனி வாங்கிறதை யோசிச்சு வாங்கவேணும். மழைக்குத் தாங்கி, நாள் முழுக்க நடந்து, அதோட பார்க்கவும் மரியாதையா இருக்கிற சப்பாத்து போடுற ஆக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா நாநா

தம்பி, தண்ணி புகாது எண்டு எழுதியிருக்கிறதை மட்டும் பார்த்து வாங்கிராதீங்க. நான் கட்டார்ல இருந்து வரக்கொள்ள அப்பிடி ஒண்டு கொண்டுவந்தன். உள்ளுக்கு ஒரு மெல்லிய படலம் இருக்கும். ஒட்டாத தாச்சியில பூசுற பொருள்தான், அதை இழுத்து விரிச்சுச் செய்றாங்க. தண்ணித் துளி உள்ளுக்கு வராது, வியர்வை ஆவியா வெளியால போகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆவி வெளியால போகணும் எண்டா வெளிக்காத்து உள்ளுக்கு இருக்கிறதை விடக் குளிரா, உலர்ந்து இருக்கணும். மழை நாளில நம்மட காத்தே நனைஞ்ச துணி மாதிரி. மத்தியானத்துக்குள்ள சொக்ஸ் வியர்வையில ஊறிப் போயிரும்.

இன்னொரு விசயம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டுல கணுக்கால் மட்டுக்குத் தண்ணி நிண்டிச்சு. கால் வச்சதும் தண்ணி மேல்வாயால உள்ளுக்கு வந்திட்டு. வந்தது வெளியால போக வழியில்லை, அந்தப் படலமே பிடிச்சு வச்சிட்டு. ரெண்டு நாளாக் காயல்ல. நுவரெலியாக் குளிருக்கு அது அருமையான சாமான், நான் குறை சொல்லல்ல. நம்மட வெள்ளத்துக்கு அது வேற கதை.

நான் இப்ப போடுறது கறுப்புத் தோல், லேஸ் இல்லை, ரெண்டு பக்கமும் இலாஸ்டிக். தொழுகைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழட்டிப் போடுறம்! தொழ முன்னம் கை கால் கழுவி வுழு எடுத்திட்டு ஈரக் காலோட சப்பாத்துக்குள்ள கால் வச்சா மழையே இல்லாம உள்ளுக்கு ஊறிரும். அதால உள்ளுக்குப் பாதத்துக்குக் கீழ இருக்கிற உள்தகடு கழட்டி எடுக்கக்கூடியதாப் பார்த்து வாங்குங்க. ராவைக்கு எடுத்து வெளியால சாத்தி வச்சா காலையில காஞ்சிருக்கும்.

ரீச்சர் அக்கா

சேலைக்கும் பொருந்தவேணும், கரும்பலகைக்கு முன்னால நாலு மணித்தியாலம் நிக்கவும் வேணும். தோல் எனக்குச் சரிவரவில்லை. மூன்று வருசமா முழுசா வார்த்து எடுத்த கறுப்பு மூடுசப்பாத்துத்தான் போடுறன். தையலே இல்லை, தண்ணி புக இடமில்லை, வந்தாலும் துணியால ஒருக்காத் துடைச்சால் முடிஞ்சுது. கொஞ்சம் தள்ளி நிண்டு பார்த்தால் தோல் எண்டுதான் நினைப்பினம்.

ஆனா அடியைப் பார்க்காமல் வாங்காதேங்கோ. முதல் வாங்கினது வழவழப்பான கடும் பிளாஸ்டிக். ஈரமான படியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, ஒரு கிழமை சோக்கட்டி பிடிக்க முடியவில்லை. இப்ப கடையிலேயே நகத்தால அடியை அழுத்திப் பார்ப்பன். றப்பர் எண்டால் கொஞ்சம் அமுங்கித் திரும்பி வரும். நுணுக்கமான வெட்டுக்கோடுகளும் இருக்கவேணும்.

கோணேசர் கோயிலுக்குப் போறவைக்கு ஒண்டு. வெளியில கழட்டி விட்டிட்டு அருச்சனை முடிச்சு வாறதுக்கிடையில மழை கொட்டினால் சப்பாத்து நிறையத் தண்ணி. நான் ஒரு சொப்பிங் பையில போட்டுக் கட்டி, கவிழ்த்து வச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போவன்.

தையல்காரன் மகன்

அப்பா முப்பது வருசம் சப்பாத்துத் தைத்தவர். அவர் கையில எடுத்ததும் முதல் பார்க்கிறது மேல்தோல் அடியோட சேருற இடம். வெறும் பசையெண்டால் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட வாய் பிளக்கும். உள்தகட்டில இருந்து நேரா அடிக்குத் தைச்சிருந்தால் அந்த ஊசித் துளையாலயே தண்ணி ஏறும். நல்லது, சுத்திவர ஒரு தோல் பட்டி வச்சு, மேல்தோலை அந்தப் பட்டியோடயும் பட்டியை அடியோடயும் வேற வேறயாத் தைச்சது. குட்இயர் வெல்ட் எண்டு சொல்லுவாங்கள். வெளித்தையல் காலுக்குக் கீழ வராது. அடி தேய்ஞ்சால் பிரிச்சுப் புது அடி போடலாம், மேல்தோலில கை வைக்கத் தேவையில்லை. விலை கூடத்தான். ஆனா அப்பா மூன்று தரம் அடி மாத்திக் குடுத்த ஒரு சோடி இன்னும் இந்த ரவுணுக்குள்ள நடந்து திரியுது.

அடுத்தது நாக்கு. லேஸைத் தளர்த்தி ரெண்டு விரலை நாக்கின்ர கரையால கீழ விட்டுப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் மேல்வரைக்கும் தோல் மடிச்சுத் தைச்சிருந்தால் விரல் தடைபடும், தண்ணியும் தடைபடும். விரல் நேரா சொக்ஸைத் தொட்டால் முதல் மழையே உள்ளுக்கு வந்திடும்.

தேங்காயெண்ணெய் பூசாதேங்கோ, தோல் தொய்ஞ்சு கறுத்துப் போகும். தேன்மெழுகு கலந்த பூச்சு வாங்கி, தையல் வழியே விரலால தேய்ச்சு விடுங்கோ. நனைஞ்சால் வெயிலிலயோ அடுப்படியிலயோ வைக்கவேணாம், தோல் வெடிக்கும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளுக்கு அடைஞ்சு, ஈரம் ஊற ஊற மாத்துங்கோ. டச் பே பக்கம் கடல்தண்ணி பட்டு வெள்ளைக்கோடு விழுந்தால், வினாகிரியில பாதிக்கு மேல தண்ணி கலந்து துணியால துடைச்சால் போகும்.

உப்புவெளித் தம்பி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ரவுணில நாலு கடை ஏறி இறங்கினன். மூன்றில நாக்கைத் தடவினதும் விரல் உள்ளுக்குப் போயிட்டுது. நாலாவதில கரும் மண்ணிறத்தில ஒண்டு கிடைச்சுது. றப்பர் அடி, பட்டி வச்ச தையல், உள்தகடு கழட்டலாம். விலை கேட்டு மனிசி கொஞ்ச நேரம் பேசவில்லை. பழசின்ர அடியைக் காட்டின பிறகு சரியெண்டிட்டா.

வயலுக்கு இதைப் போடப்போறதில்லை. நாநா சொன்ன கணுக்கால் தண்ணிக் கதையை வாசிச்ச பிறகு, றப்பர் பூட்ஸ் ஒண்டைக் கந்தோரில வைக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். வரம்புக்கு அது, கூட்டத்துக்கு இது. இப்ப வெளியில மழை தொடங்கிட்டுது, நான் மெழுகு பூசிக்கொண்டு இருக்கிறன். தையல்காரன் மகன், அப்பா இன்னும் அடி மாத்திக் குடுக்கிறவரோ?