ஃப்ரீசரில் வைத்த குழம்பு நீர்த்துப்போகிறது, கிழங்கு பஞ்சாகிறது – எங்கே தவறு?

கேள்வி:
அம்மாவால் இப்போது அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. நானும் வேலைக்குப் போய்விடுவதால், ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் சமைத்து ஃப்ரீசரில் வைக்கிறேன். 4 லிட்டர் டப்பா நிறையக் காய்கறிக் குழம்பு. புதன்கிழமை திறந்தால் மூடியின் உள்ளே பொடிப்பொடியாகப் பனி. உருகியதும் குழம்பு தனி, தண்ணீர் தனி. உருளைக்கிழங்கைக் கரண்டியால் அழுத்தினால் நனைந்த பஞ்சைப் பிழிந்தது போல நீர் வடிகிறது. பச்சையாக நறுக்கி வைத்த பீன்ஸ் நிறம் மங்கி வைக்கோல் வாசம் அடிக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறார். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் கெட்டுப்போய்விட்டதா?

பதில் 1:
நீங்கள் சொல்கிற அடையாளங்கள் எதுவும் கெட்டுப்போனதைக் காட்டவில்லை. குழம்பு மெதுவாக உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவு பெரிய டப்பாவின் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும். அதற்குள் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து காயின் செல் சுவரைக் கிழித்துவிடும். உருகும்போது உள்ளே இருந்த நீரெல்லாம் வெளியே வந்துவிடும்.

ஒரு வேளைக்கு ஒரு ஜிப் கவர் என்று பிரியுங்கள். நன்றாக ஆறிய குழம்பை ஊற்றி, காற்றை வழித்து வெளியேற்றி, தட்டின் மேல் 2 செ.மீ. தடிமனில் படுக்க வையுங்கள். உறைந்தபின் புத்தகம் போல நிறுத்தி அடுக்கிவிடலாம். டப்பாதான் வேண்டுமென்றால் சிறியதாக எடுத்து, மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும்.

உருளைக்கிழங்கை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பரிமாறுகிற அன்று வேகவைத்துப் போடுங்கள். சோளமாவு கரைத்துவிட்ட குழம்பும் உருகினால் திரிந்து நிற்கும், அந்த மாவையும் சூடாக்கும்போது சேர்ப்பதே நல்லது.

பதில் 2:
பீன்ஸ் பற்றி. பச்சையாக வைத்தால் அதிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும், அந்த வாசம் அதனால்தான். கொதிக்கிற தண்ணீரில் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி அதிலும் 3 நிமிடம் விடுங்கள். அப்புறம் துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்துப் பையில் கொட்டுங்கள். ஈரத்தோடு போட்டால் கட்டியாகிவிடும். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழம்பு, சோறு இரண்டையும் ஆறுவதற்காக மாலையிலிருந்து படுக்கும்வரை மேடையிலேயே விடுகிறேன். போன வாரம் ஒரு டப்பாவை இரவு முழுக்க வெளியே வைத்து உருக்கி, மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தேன். அது இன்னும் இருக்கிறது.

பதில் 1:
அதைத் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். கிழங்கு பஞ்சானதைவிட எனக்கு இதுதான் கவலை. உறைகுளிரில் கிருமிகளின் வளர்ச்சி நிற்கும், ஆனால் எல்லாம் சாவதில்லை. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் பிழைக்கும். சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வயதானவர்களுக்கு அது தாங்காது.

அடுப்பை அணைத்து 2 மணி நேரத்துக்குள் உணவு குளிருக்குள் போயிருக்க வேண்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிக் கிளறினால் சீக்கிரம் ஆறும். சோற்றை அகலமான தட்டில் பரப்புங்கள். எடுக்கும்போது முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். தட்டையான கவர் என்றால் காலையில் உருகியிருக்கும். நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை, கிளறிக் கிளறிக் கொதிக்கவிடுங்கள்.

பதில் 3:
ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கவரில் பெயரும் தேதியும் எழுதுங்கள். உறைந்தபின் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். சமைத்தவை 2, 3 மாதம் வரை ருசியாக இருக்கும்.

கேட்டவர்:
அந்த டப்பாவை அன்றே கொட்டிவிட்டேன். ஞாயிறன்று கவர்களில் ஊற்றிப் படுக்க வைத்தேன். நேற்று ஒன்றை எடுத்துச் சூடாக்கி, கிழங்கைத் தனியாக வேகவைத்துப் போட்டேன். தண்ணீர் பிரியவில்லை. பீன்ஸ் பச்சை நிறம் மங்காமல் இருந்தது. “இன்னும் ஒரு கரண்டி ஊற்று” என்றார் அம்மா.