பின்சக்கர பேரிங் மாற்றுவது குறித்து வழிகாட்டுதல் தேவை
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் செல்லும் எங்கள் பழைய காரின் பின்பக்கத்திலிருந்து, வேகம் கூடக்கூட உரத்துக் கேட்கும் உறுமல் ஒலி வருகிறது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறது. கையால் சுழற்றினால் கரகரக்கிறது. மழைநீரில் ஓடியதில் ஆயில் சீல் வழியே நீர் புகுந்து கிரீஸ் கெட்டிருக்கும் என்றே கருதுகிறேன்.

பிரேக் டிரம்முக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டவை) அமைந்த வகை இது. பழைய வெளிவளையங்களைப் பித்தளைக் கம்பியால் பக்கம் மாற்றித் தட்டி எடுத்துவிடலாம். புதியவற்றைச் சாய்வின்றி அடிவரை இறக்குவதுதான் கவலை: அதற்குச் சுத்தியலை நம்பலாமா, அல்லது ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் டிரம்மை மட்டும் கொண்டுபோனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தித் தரும் லேத் பட்டறை உள்ளதா?

சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இடுவதே முறை என்று அறிவேன். அதிகம் இறுகினால் பேரிங் சூடேறிக் கெடும், தளர்ந்தால் ஆட்டம் திரும்பும் என்பதால், சரியான அளவைக் கையால் உணர்வது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். வயதான பெற்றோரும் இதே காரில்தான் செல்கிறார்கள்.