ஒரே கான்ஃபிக் ஃபைல், பல மாட்யூல்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ரூட்ஷெல்:
பப்பெட்டில் (சர்வர் அமைப்புகளைத் தானாகப் பராமரிக்கும் கருவி) ஒரு ஃபைலை ஒரு மாட்யூல்தான், அதாவது ஒரு விதித் தொகுப்புதான், அறிவிக்க முடியும். இரண்டாவது மாட்யூல் அதே பாதையை அறிவித்தால் ‘டூப்ளிகேட் டிக்ளரேஷன்’ என்று கேட்டலாக் (சர்வர் இருக்க வேண்டிய நிலையின் பட்டியல்) கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும். புதியவர்களுக்கு இது தொல்லையாகத் தெரியும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆபத்து, அதைத் தாண்டிப் போக நாம் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகளில்தான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், பாதுகாப்புக் குழுவின் மாட்யூல் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையவிடும் எஸ்எஸ்எச்டியின் அமைப்பு ஃபைல்) டெம்ப்ளேட்டிலிருந்து முழுசாக எழுதும். பேக்கப் குழுவுக்கு அதில் ஒரு சைஃபர்ஸ் வரி (எந்தக் குறியாக்க முறைகளை ஏற்கலாம் என்பது) தேவைப்பட்டது. யாரையும் கேட்காமல் ஃபைல்_லைன் (ஃபைலில் ஒரு வரியை மட்டும் கவனிப்பது) மூலம் சேர்த்துக்கொண்டார்கள். அது வேறு வகை ரிசோர்ஸ் (பப்பெட் நிர்வகிக்கும் உருப்படி) என்பதால் பப்பெட் வாயே திறக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஏஜென்ட் (சர்வரில் இருக்கும் பப்பெட் நிரல்) ஓடும். டெம்ப்ளேட் அந்த வரியை அழிக்கும், ஃபைல்_லைன் மறுபடி ஒட்டும், எஸ்எஸ்எச்டி ரீஸ்டார்ட் ஆகும். ஒருவர் கோலம் போட, இன்னொருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கதை. லாகில் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றம் என்றுதான் இருந்தது. யார் பார்த்தார்கள்?

அப்புறம் பாதுகாப்புக் குழு டெம்ப்ளேட்டின் கடைசியில், எஸ்எஃப்டிபி (ஃபைல் பரிமாற்றம்) பயனர்களுக்காக ஒரு மேட்ச் பகுதி (குறிப்பிட்டவர்களுக்கு மட்டுமான விதிகள்) சேர்த்தது. மேட்ச் தொடங்கினால், அடுத்த மேட்ச் வரும் வரையோ ஃபைல் முடியும் வரையோ எல்லா வரியும் அதற்குள்தான் அடங்கும். வழக்கம்போல ஃபைல்_லைன் தன் வரியைக் கடைசியில் ஒட்டியது. சைஃபர்ஸ் மேட்சுக்குள் வரக் கூடாத கட்டளை, எஸ்எஸ்எச்டி எழவே மறுத்துவிட்டது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், மற்றவர்கள் கன்சோலைத் தேடி ஓடினார்கள்.

கடைசியில், துண்டுகளை ஒட்டி ஒரே ஃபைலாக்கும் கான்கேட் மாட்யூலுக்கு மாறினோம். ஃபைலுக்கு உரிமையாளர் ஒரே மாட்யூல். மற்றவை துண்டுகளை மட்டும் கொடுக்கும். ஆர்டர் எண்ணில் கவனம் வேண்டும்: இயல்பாக அது எழுத்து வரிசைப்படிதான் அடுக்கும், எனவே 100 என்ற துண்டு 20-க்கு முன்னால் போய் உட்காரும். மேட்ச் பகுதிகளுக்கு 90-க்கு மேல் என்று ஒதுக்கிவிட்டோம். வேலிடேட்_சிஎம்டியில் (ஃபைலை வைக்கும் முன் ஓடும் சோதனைக் கட்டளை) ‘எஸ்எஸ்எச்டி -டி’ சோதனையும் போட்டோம், தவறான ஃபைல் இப்போது வட்டுக்கே வராது.

பிளேபுக்_பித்தன்:
உங்களுக்காவது சில சமயம் எர்ரர் வருகிறது. ஆன்சிபிளில் (பப்பெட் போன்ற இன்னொரு கருவி) அதுவும் கிடையாது. இரண்டு ரோல்கள் (பப்பெட் மாட்யூல் போன்றவை) ஒரே ஃபைலுக்கு டெம்ப்ளேட் வைத்திருந்தால் கடைசியாக ஓடுவதுதான் மிஞ்சும், முதலாவது எழுதியது சத்தமில்லாமல் போய்விடும்.

எங்களிடம் சிக்கியது /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் (கணினிப் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஃபைல்). இரண்டு ரோல்கள், இரண்டிலும் பிளாக்இன்ஃபைல் (ஃபைலுக்குள் ஒரு பகுதியை மட்டும் எழுதுவது), இரண்டிலும் மார்க்கர் (பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் வரி) மாற்றாமல் இயல்பானதே. பிளாக்இன்ஃபைல் தன் பகுதியை அடையாளம் காண்பதே மார்க்கர் வரிகளை வைத்துத்தான். ஆகவே இரண்டாவது ரோல், முதலாவதின் பகுதியைத் தன்னுடையது என்று நினைத்து மேலேயே எழுதிவிட்டது. மார்க்கரில் ரோலின் பெயரைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இன்று கோட் ரிவ்யூவில் மார்க்கர் இல்லாத பிளாக்இன்ஃபைலைப் பார்த்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பழைய_அட்மின்:
இதற்கெல்லாம் ‘.டி’ டைரக்டரி (துண்டு ஃபைல்களுக்கான இடம்) இருக்கிறதே, ஆளுக்கொரு ஃபைல் போட்டால் முடிந்தது என்பார்கள். முடியாது. ஒவ்வொரு நிரலும் அதை ஒவ்வொரு விதமாகப் படிக்கும்.

சிஸ்சிடிஎல்.டியில் (கர்னல் அமைப்புகள்) பெயர் வரிசையில் பின்னால் வருவது முன்னதை மாற்றும். அந்தப் பழக்கத்தில் எல்லோரும் 99 என்று தொடங்கும் பெயர் வைப்பார்கள். எஸ்எஸ்எச்டியில் நேர் எதிர்: பெரும்பாலான அமைப்புகளுக்கு முதலில் கிடைத்த மதிப்புதான் செல்லும். ஓபன்எஸ்எஸ்எச் 8.2-இல் (2020) இன்க்ளூட் (வேறு ஃபைல்களை உள்ளே இழுக்கும் வரி) வந்தது. உபுண்டுவில் அந்த வரி முதன்மை ஃபைலின் தலையிலேயே இருக்கிறது. கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரைத் தொடக்கத்தில் அமைக்கும் நிரல்) 50 என்ற எண்ணில் ஒரு ஃபைல் போட்டுக் கடவுச்சொல் நுழைவைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் 99-இல் மூடியது மூடியதாகாது. ‘எஸ்எஸ்எச்டி -டி’யைப் பெரிய டி-யோடு ஓட்டிப் பாருங்கள், உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று அது சொல்லும். ரூட்ஷெல் சொன்னது சின்ன டி, அது பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

சூடோயர்ஸ்.டி (சூடோ மூலம் யார் நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டலாம் என்பது) இன்னும் மோசம். பெயரில் புள்ளி இருந்தால் அந்த ஃபைலைப் படிக்கவே படிக்காது. எங்கள் பயனர் பெயர்கள் எல்லாம் ‘பெயர் புள்ளி இனிஷியல்’ வடிவம். மாட்யூல் பயனர் பெயரையே ஃபைல் பெயராக வைத்தது. ஃபைல் இருக்கிறது, உரிமைகள் சரி, அதைச் சரிபார்க்கும் விசூடோவும் சரி என்கிறது, சூடோ மட்டும் வேலை செய்யவில்லை! புள்ளியை அடிக்கோடாக மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது.

டேட்டாபேஸ்_தம்பி:
போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு ஒரு வரி. பிஜி_எச்பிஏ ஃபைலில் (டேட்டாபேஸுக்குள் யார் எப்படி நுழையலாம் என்பது) முதலில் பொருந்துகிற விதிதான் முடிவு, அடுத்ததைப் பார்க்காது. பதிப்பு 16-இலிருந்து இன்க்ளூட் வசதி உண்டு. அதற்கு முந்தையதில் இருப்பவர்கள் ஃபைலை ஒரே மாட்யூலிடம் விட்டுவிடுங்கள்.

ரூட்ஷெல்:
பழைய_அட்மின் அண்ணா, ‘.டி’ டைரக்டரியில் போட்டதைத் திரும்ப எடுப்பது எப்படி? சர்வரிலிருந்து மாட்யூலை நீக்கினாலும் அது போட்ட ஃபைல் அங்கேயே கிடக்கிறதே.

பழைய_அட்மின்:
டைரக்டரி ரிசோர்ஸில் ரிகர்ஸும் பர்ஜும் ட்ரூ என்று வையுங்கள், பப்பெட்டுக்குத் தெரியாத ஃபைல் எல்லாம் போய்விடும். ஆனால் எல்லாம் என்றால் எல்லாமும்தான். பேக்கேஜ் போட்டது, கிளவுட்-இனிட் போட்டது எதையும் பார்க்காது. சூடோயர்ஸ்.டியில் இப்படிப் பர்ஜ் வைத்து, கிளவுட் படிமத்தின் இயல்பான பயனருக்கு இருந்த சூடோவையே ஒரு குழு இழந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் நோஆப்பில் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டி, எதையெல்லாம் நீக்கப் போகிறது என்று படியுங்கள். அதில் வேண்டியது இருந்தால் அதையும் மாட்யூலில் அறிவித்துவிட்டு, அப்புறம் பர்ஜைத் திறங்கள்.