கொல்லைப்புறக் கொட்டகை: 6க்கு 8 அடி போதுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் வீடு. மண்வெட்டி, கடப்பாரை, பத்தடி ஏணி, அப்பாவின் சைக்கிள், இருநூறு தேங்காய் வைக்கத் தகரக் கொட்டகை போட வேண்டும். 6க்கு 8 போதுமா?

பதில்: தம்பி, நான் 6க்கு 8 போட்டுத்தான் திண்டாடினேன். சைக்கிளே கிட்டத்தட்ட ஆறடி. அதை நிறுத்தியதும் உள்ளே திரும்ப இடமில்லை. ஒரு தேங்காய் எடுக்கவும் சைக்கிளை வெளியே உருட்ட வேண்டும், மழையிலும்கூட. சாமான்களைத் தரையில் பரப்பி, நடுவில் இரண்டரை அடி வழி விட்டு, சுற்றிக் கயிறு பிடித்துப் பாருங்கள். என் கணக்கில் 8க்கு 10.

இன்னொரு பதில்: எட்டடி அகலத்துக்குப் பத்தடித் தகரத்தை வெட்டாமல் போடுங்கள். இருபக்கமும் ஏறக்குறைய ஒரு அடி இறவாரம் கிடைக்கும், ஐப்பசிச் சாரல் சுவரில் அடிக்காது.

கேட்டவர்: சரி அண்ணா, கயிறு பிடித்தாயிற்று. 8க்கு 10தான். ஏணியை இறவாரத்தடியில் வெளிச்சுவரில் மாட்டிவிடுகிறேன்.