அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது, மாவுக்கட்டு போதுமா?

மஞ்சக்குப்பம் மகள்:
அம்மாவுக்கு 62 வயது. முந்தாநாள் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஒரு டாக்டர் மாவுக்கட்டு போதும் என்கிறார், இன்னொருவர் பிளேட் வைக்கணும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறார். பயமாக இருக்கிறது, யார் சொல்வதைக் கேட்பது?

முத்தியால்பேட்டை நர்ஸ்:
பயப்படாதீங்க அக்கா. எலும்பு விலகியிருக்கிறதா, மூட்டுக்குள் விரிசல் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். விலகவில்லை என்றால், அல்லது மரத்துப்போக ஊசி போட்டு இழுத்து நேராக்கியது அப்படியே நின்றால், பெரும்பாலும் 6 வாரத்தில் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். ஆனால் முதல் 2, 3 வாரத்தில் உள்ளே மறுபடி நழுவலாம், அதனால் திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். நேராக்கியது நிற்காமல் மறுபடி விலகினாலோ, மூட்டுப் பரப்பு மேடுபள்ளமாக உடைந்திருந்தாலோ பிளேட், ஸ்குரூ பேச்சு வரும். எக்ஸ்ரே பார்க்காமல் எங்கேயும் கட்டாதீர்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி:
எங்க பாட்டிக்கு உடைந்தது இடுப்பு. அது வேறு கதை, படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண் வரும் என்று மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள்.

முத்தியால்பேட்டை நர்ஸ்:
அப்புறம் ஒன்று, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ விரல் நீலமானாலோ மரத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஓடுங்கள்.