வண்டிச் சத்தத்துக்காகப் போலீஸார் தாள் கொடுத்திருக்கிறார்கள்: அவசர ஆலோசனை தேவை

திருவாரூர்க்காரர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் இந்த ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் வழியில் போலீஸார் நிறுத்தி, என் வண்டியின் சைலன்சர் அளவுக்கு மீறிச் சத்தம் போடுகிறது என்று கூறி ஒரு தாளைக் கொடுத்தார்கள். பழைய வண்டியாக வாங்கியது. நான் அதில் எதையும் மாற்றவில்லை. தாளில் ஒரு தேதி குறித்திருக்கிறது. இது அபராதமா, வழக்கா, விசாவுக்கு ஆபத்து உண்டா என்று தெரியாமல் தவிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

மன்னார்குடிக்காரர், கலிஃபோர்னியா:
தம்பி, பதற வேண்டாம். இங்கே சாதாரணக் கார்களுக்கு வரம்பு 95 டெசிபல். நீதிமன்றம் ஏற்கும் சோதனை நிலையத்தில் அளந்து, வரம்புக்குள் இருப்பதாகச் சான்று வாங்கிக் காட்டினால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். நான் வந்த புதிதில் கார் வாங்கப் பணமின்றி, நடைபாதையே இல்லாத சாலையோரமாக வேலைக்கு நடந்து போனவன். அந்த நாட்களை நினைத்தால் இது ஒரு பெரிய துன்பமே இல்லை.

மயிலாடுதுறைக்காரர், சிங்கப்பூர்:
அளந்து காட்டினால் போதும் என்று அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் அளித்த சைலன்சரைத்தான் பொருத்தலாம்; ஒப்புதல் இல்லாததை மாட்டினால், சத்தம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே அது குற்றம். தொழிலாளர் விடுதியில் நான் தங்கியிருந்தபோது, இரவு வேலை முடித்துப் பகலில் கண்ணயர்ந்த எங்களைக் கீழே உறுமிய வண்டிகள் ஒரு நாளும் தூங்கவிட்டதில்லை. ஆகவே இந்தச் சட்டம் கடுமையானது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கும்பகோணத்துக்குத் திரும்பி வந்தவர்:
நம் நாட்டில் மட்டும் சட்டம் இல்லையா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும்; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். இருந்தும் மகாமகக் குளத்தைச் சுற்றி, சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றிவிட்ட புல்லட் மோட்டார் சைக்கிள்கள் மாலை முழுதும் வெடித்துக்கொண்டு போகின்றன. குளக்கரையில் உட்கார வரும் பெரியவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டில் ஒரு தாளுக்கு நடுங்கும் நம் பிள்ளைகள் ஊரிலும் அப்படி நடுங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தஞ்சாவூர்க்காரர், இங்கிலாந்து:
ஐயா, உங்கள் மனக்குறை நியாயமானதே; ஆனால் கேட்டவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு நாட்டுச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். டெசிபல் எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. நிற்கும் வண்டியின் குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் அளப்பதும், ஓடும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளப்பதும் ஒன்றல்ல. தம்பி, எந்த நாடு, காரா மோட்டார் சைக்கிளா, தாளின் தலைப்பு என்ன, சைலன்சரின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று எழுதுங்கள்.

திருவாரூர்க்காரர்:
இங்கிலாந்துதான் அண்ணா. 125 சிசி மோட்டார் சைக்கிள். வாகனக் குறைபாடு திருத்தும் திட்டம் என்ற பொருளில் தலைப்பு இருக்கிறது. சைலன்சரைத் துடைத்துப் பார்த்தேன். சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்க்காரர், இங்கிலாந்து:
அப்படியானால் சிக்கலே அந்தச் சைலன்சர்தான். அது பந்தயத் திடலுக்கானது; அதை மாட்டிய வண்டி, சாலையில் ஓடத் தகுதியானதா என்று இங்கே ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையிலும் தேறாது. வாகனங்களின் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய இங்குள்ள 1986ஆம் ஆண்டு விதிகளின் 54ஆம் விதி, தயாரிப்புக்குப் பிறகு சத்தம் கூடும்படி புகைபோக்கியை மாற்றக்கூடாது என்கிறது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தாலும் சாலையில் ஓட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், உங்களுக்குக் கிடைத்திருப்பது குறையைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு. நிறுவனத்தின் அசல் சைலன்சரையோ, ஒப்புதல் முத்திரை உள்ள மாற்றுச் சைலன்சரையோ பொருத்தி, எம்ஓடி சோதனை செய்யும் கேரேஜில் அந்தத் தாளில் முத்திரை வாங்கி, குறித்த தேதிக்குள் அனுப்பிவிட்டால் வழக்குத் தொடர மாட்டார்கள். தேதி தவறினால்தான் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். ஆகவே விசாவைப் பற்றிய கவலையைத் தள்ளிவைத்து, தேதியைப் பிடியுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசுங்கள்; அறிவிக்காத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கிடைப்பது கடினம். சைலன்சர் வாங்கிய ரசீதையும், முத்திரையிட்ட தாளின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரை மாற்றும் வேலை முடியும்வரை வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பேருந்தில் பணிக்குப் போங்கள். கேரேஜுக்கும் வேனில் ஏற்றி அனுப்புவதே நல்லது.